மண்ணின் குழந்தை

தென் கலிபோர்ணியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கிற்கு மேற்கு வாயிலாக அமைந்தது சான் கோர்கோனியோ கணவாய். ஏறத்தாழ 10,800 அடி உயர்ந்த சான் ஜசின்டோ மலை ஒருபுறம் நிற்க, ஓயாது வீசும் காற்று ஆற்றுமணலை அள்ளிச்சென்று மேடுகளாகக் குவிக்கின்றது. நிரைநிரையாகச் சுழலும் காற்றாலைகளைக் காணச் செல்வோர் தம் காலடியை நோக்குவதில்லை. நோக்கத்தக்க பிராணியொன்று அங்கே உண்டு.

அது சிறகற்ற, பருத்த உடலுள்ள, வளைதோண்டும் பூச்சி. 1968இல் ரிங்காம் என்னும் அறிஞர் இதனைத் தனியினமாக விவரித்தார். இதன் வர்க்கத்துக்கு வழங்கும் பொதுப்பெயர் யெரூசலேம் சிள்வண்டு. யெரூசலேமுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உண்மைச் சிள்வண்டும் அன்று. பெயரிட்டவர்க்கே வெளிச்சம்! உருண்டு வழுவழுத்த பெருந்தலையைக் காண்போர்க்கு, ஸ்பானிய மொழியினர் ‘மண்ணின் குழந்தை’ என்பதே பொருத்தமாகத் தோன்றும். நஞ்சுடையதெனப் பலர் அஞ்சுவர். வலிக்கக் கடிக்குமேயன்றி நஞ்சில்லை.

சிறகின்மையால் பாட்டுமில்லை. அதனாலென்ன? ஆணும் பெண்ணும் வயிற்றால் நிலத்தைத் தட்டி, மண்வழியே அதிர்வை அனுப்பி ஒன்றையொன்று அறியும். இனத்துக்கினம் தாளம் வேறு. நம் மிருதங்க வித்துவான்கள் கேட்கவேண்டும். கோடையில் ஆழத்தில் ஒடுங்கி, மாரிமழை மணலை நனைத்தபின் மேலேறும். வேர்களும் மக்கிய பொருள்களும் இறந்த பூச்சிகளும் இதன் உணவு.

ஈரமணலே இதற்கு உயிர்நிலை. வீதியும் வீடும் மணலோட்டத்தை மறிக்குமாயின், பறக்கவியலாத இப்பிராணி வேறிடம் தேடிப் போகமாட்டாது. 2008இல் அப்பள்ளத்தாக்கிற்கென ஏற்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில், பல்லி பறவைகளோடு இப்பூச்சியும் சேர்க்கப்பட்டது. மணலைக் கொணரும் காற்றுவழியைக் காப்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று.