பூக்காத கொடி

பூவுக்குப் பெயர் போன ஊர் ஸ்ரீரங்கம். தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய ஸ்தலம். இப்படிப்பட்ட ஊரில், ஒரு மொட்டுக்கூட வைக்காத கொடி ஒன்றுக்கு நம் வீட்டு முற்றத்தில் இடம் கொடுத்திருக்கிறோம். 'மணி பிளாண்ட்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான்.

மேல்நாட்டுச் சுவர்களில் படரும் ஐவி குளிர்ப் பிரதேசத்துக் கொடி. திருச்சி வெயில் அதற்கு ஆகாது. 'பிசாசு ஐவி' என்று ஆங்கிலத்தில் பட்டம் பெற்ற நம் கொடியோ பசிபிக் சமுத்திரத்திலுள்ள மூரியா தீவில் பிறந்தது. 1880-ல் தாவர சாஸ்திரிகள் அதற்குப் பெயரிட்டார்கள். இன்று அது இல்லாத நகரமே அரிது.

நம் வீட்டில் இதை வளர்ப்பவர் நம் தமக்கையார். கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் வைப்பார். கொசு முட்டையிடாதபடி வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றுவார். வேர் விட்டதும் தொட்டிக்கு மாற்றி, மண் காய்ந்த பிறகே மறுபடி நீர் வார்ப்பார். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். நேர் வெயில் இலையைக் கருக்கும். இருட்டிலோ இலையிலுள்ள மஞ்சள் வரிகள் மங்கிப் போகும். ஆகவே முற்றத்துத் தாழ்வாரமே இதற்கு உகந்த இடம். இலையைக் கடித்தால் வாய் எரியுமாதலால், குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்.

சென்ற ஆடியில் வந்த உறவுக்கார அம்மாள் ஒருவர், "பூவும் இல்லை, காயும் இல்லை. பூக்காத கொடி வீட்டுக்கு ஆகுமோ? இதுக்குப் போய் தண்ணி கொட்டறியே!" என்றார். தமக்கையாருக்குக் குழந்தைகள் இல்லை. அம்மாள் அதை நினைத்துச் சொன்னாரோ, நினையாமல் சொன்னாரோ! தமக்கையார் மறுமொழி சொல்லாமல் இலையைத் துடைத்துக் கொண்டிருந்தார்.

பூக்காதது கொடியின் குற்றமன்று. பூப்பதற்கு வேண்டிய கிப்பெரெல்லின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்குவதில்லை என்று 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. அந்தச் சத்தை வெளியிலிருந்து தெளித்தபோது அது பூத்ததாம்! விதையின்றியே அது உலகைச் சுற்றி வந்தது எப்படி? ஒருவர் நறுக்கிக் கொடுக்க, மற்றொருவர் வாங்கி வைத்ததால்தான். நம் வீதியில் மட்டும் பதினோரு வீடுகளில் தமக்கையார் கொடுத்த கொடி தழைத்திருக்கிறது. அந்த வீட்டுக் குழந்தைகள் அவரைக் 'கொடி அத்தை' என்றே அழைக்கிறார்கள்.

அந்த அம்மாள் விடைபெறும்போது தமக்கையார் வெற்றிலை பாக்கு மஞ்சளுடன், இரண்டு கணுவுள்ள துண்டு ஒன்றையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். திருடி வைத்தால்தான் இது வளரும் என்பது ஊர்ப் பேச்சு. கொடுத்து வைத்தாலும் வளர்கிறது. போன வாரம் கடிதம் வந்தது: புது இலை விட்டிருக்கிறதாம்; எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.