எண்ணெய்க்கு வந்த ஜுரம்

மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் சாப்பாடு என்றால், எண்ணெய்தான் ரத்தம். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். ஒரு டப்பா வாங்கிவந்து ஊற்றினால் மறுபடி புறப்படும். எண்ணெய் தன் காரியத்தைச் செய்யத் தவறினாலோ, உள்ளே இரும்போடு இரும்பு உராய்ந்து, வண்டியோடு வண்டிக்குச் சொந்தக்காரரும் உட்கார்ந்துவிடுவார். என் நண்பரின் தகப்பனார் 1974-இல் அப்படி ஒரு தடவை உட்கார்ந்தவர். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால், வண்டியின் பேரிங் உருகிப் போயிற்று. அதைச் சரி செய்ய வீட்டு அம்மாளின் நான்கு வளையல்கள் அடகுக்குப் போயின. இரண்டுதான் திரும்பி வந்தன. அந்த அம்மாள் இப்போது இல்லை. வண்டி இருக்கிறது.

1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. இரண்டே கதவுகள். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்ப் பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் பிறந்தது; ஆகவே செங்கற்பட்டுக்காரர்களுக்கு ஏறக்குறைய சொந்த ஊர்ப் பிள்ளை. அந்தக் கம்பெனியில் 1988-உடன் கார் செய்வது நின்றுவிட்டது. ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிச்செலோட்டி என்ற ஒரே இத்தாலியர். சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. பெரியவர் இளமையில் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டி வாங்கினாராம்.

தகராறு எப்படி ஆரம்பித்தது என்றால், நண்பர் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆயில் கூலரைத் தருவித்துவிட்டார். பார்ப்பதற்குக் குழந்தை ரேடியேட்டர் மாதிரி, பத்து வரிசைக் குழாய்களும் இடையிடையே அலுமினிய மடிப்புகளுமாக இருந்தது. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் சாதாரணமாக மாட்டிக்கொள்ளும் சாமான். பெரியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு ஜுரமே இல்லை. எதுக்குடா மருந்து?" என்றார். "என் வண்டியிலே ஒரு ஓட்டை போடக்கூடாது."

பணிமனை நடத்துகிற பாய் இரண்டு பேருக்கும் பொதுவான மனிதர். "ஜுரம் இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம் ஐயா" என்று சொல்லி, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அதே நீளத்துக்கு ஒரு மெல்லிய வெப்பமானிக் கம்பியை உள்ளே விட்டார். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றையும் தற்காலிகமாகத் தொங்கவிட்டார். ஹெரால்டில் அதற்கு ஒரு சிறு எச்சரிக்கை விளக்குதான் உண்டு. அது எரிவதற்குள் காரியம் மிஞ்சிவிடும்.

எனக்குப் பாயிடம் மிகவும் பிடித்த குணம் இதுதான். இந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் கூலர் மாட்டுவது அழகுக்காக என்பது என் அபிப்பிராயம். நோய் என்னவென்று பார்க்காமல் டானிக் வாங்கிக் குடிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. முன்னால் இருக்கும் மானி தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். எண்ணெயின் சமாசாரமே வேறு.

மே மாதத்துப் பகலில் கோவளம் வரை ஓட்டிப் பார்த்தோம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம். எண்ணெய் 128 டிகிரியைத் தொட்டது. வண்டியை நிறுத்தி இஞ்சினை மெதுவாக ஓடவிட்டபோது, காலையில் நாற்பது பவுண்டு காட்டிய முள் பத்துக்கு வந்து தொங்கிற்று. சூடேற ஏற எண்ணெய் நீர்த்துப் போகிறது. சுழல்கிற தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஏடு மெலிந்துவிடுகிறது. இந்த 948 ஸி.ஸி. இஞ்சினில் அந்தத் தண்டைத் தாங்குபவை மூன்றே மூன்று பேரிங்குகள். பெரியவரிடம் பாய் இதைச் சொன்னபோது, அவர் பதில் பேசவில்லை. "எழுபத்து நாலிலேயும் மே மாசம்தான்" என்று மட்டும் சொன்னார்.

"ஓட்டை போடமாட்டேன் ஐயா" என்றார் பாய்.

போடவும் இல்லை. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே ஆள் உட்கார்ந்து வேலை செய்யலாம். ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் பழைய போல்ட்டுகளிலேயே இரண்டு பட்டைகளைக் கோத்து, அதற்கு முன்னால் கூலரை நிறுத்தினார், வாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி. அப்போதுதான் உள்ளே காற்று அடைக்காது. எண்ணெய் ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் இடையே, தோசைக்கல் கனத்தில் ஒரு தட்டைச் செருகினார். சூட்சுமம் எல்லாம் அந்தத் தட்டில்தான். அதற்குள் ஒரு சிறு கதவு இருக்கிறது. எண்ணெய் 80 டிகிரிக்கு வருமட்டும் அது கூலர் பக்கம் முழுதாகத் திறக்காது. குளிர்ச்சிதானே நல்லது என்று நாம் நினைக்கிறோம். எண்ணெய் போதிய சூடு ஏறாவிட்டால் அதில் சேருகிற ஈரம் ஆவியாகிப் போகாமல், நாளடைவில் சேறு கட்டிவிடுமாம். கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை அணு உலையில் உருகிய சோடியத்தைக் கொண்டு சூட்டை இறக்குகிறார்கள். அந்தச் சோடியமும் உறைந்து போகாமல் சுடவைத்தே பாதுகாக்க வேண்டும். பாயிடம் இதைச் சொன்னேன். "நம்ம வேலைதானா அங்கேயும்?" என்று கேட்டுவிட்டு, ஹோஸை எடுத்தார்.

ஹோஸ் மாட்டுகிற இடத்தில் எப்போதும் இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று நட்டைத் திருக. மற்றொன்று கூலரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள. ஒற்றை ஸ்பானரோடு வீரம் காட்டினால் அலுமினியக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் இஞ்சினை வெறுமனே சுற்றவிட்டார். காலிக் குழாய்களில் எண்ணெய் நிரம்பிய பின்தான் நெருப்பைக் காட்டலாம். அரை லிட்டர் கூடுதலாகக் குடித்தது.

மறுநாள் அதே பாதை, அதே வெயில். பெரியவரும் வந்தார், ஆனால் பின் ஸீட்டில். "முன்னாலே உட்காருங்கப்பா" என்று மகன் சொன்னதற்கு, "எனக்கு இங்கேயே காத்து வரும்" என்று பதில். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், பழைய இடம் வந்தபோது, அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் கவனித்தேன். கோவளத்தில் எண்ணெய் 104 டிகிரி. முள் இருபத்தைந்தில் நின்றது.

திரும்பி மாமல்லபுரத்துக்கு வந்ததும், "வண்டியை ஓரமா நிறுத்து" என்றார் பெரியவர். அன்றைய செய்தித்தாளைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதை இஞ்சினுக்கு அடியில் விரிக்கச் சொல்லி, நாலு பக்கமும் கல் வைக்கச் சொன்னார். கடற்காற்று பலமாக வீசிற்று. நாங்கள் இளநீர் குடித்துவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தோம். தாளை வெளியே இழுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை.

பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். ஊசி தேடுகிறவர்போல் குனிந்து பார்த்தார்.

"இடது பக்கம் கீழே இருக்கிற அந்த நட்டு நம்ம வண்டியோடது இல்லை" என்றார். "பழசைத் தேடி எடுத்துப் போடச் சொல்லு." இதைச் சொல்லிவிட்டு, முன் கதவைத் திறந்து மகனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். என்னைப் பின் ஸீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காற்றே வரவில்லை.