ஒரு குழந்தை போதும் என்றேன்

அந்தத் தாள் இன்னமும் கடை மேஜையின் இழுப்பறையில், பழைய நூல் பில்களுக்கு அடியில் கிடக்கிறது. மருத்துவர் நீல மையில் எழுதியது. வயது 39. எடை 94 கிலோ. டெஸ்டோஸ்டிரோன் 262. அதற்குக் கீழே, நான் சொன்னதை நம்பி அவர் குறித்துக்கொண்ட இரண்டு சொற்கள்: ‘ஃபேமிலி கம்ப்ளீட்’.

அது பொய். அந்த நேரத்தில் என் மனைவி வீட்டில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு 6 வயது. இரண்டாவது குழந்தைக்காக இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தோம்.

262 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டி ஈரோட்டுக்கு வந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நானே ஒரு லேப்பில் போய் ரத்தம் கொடுத்ததில் வந்த எண் அது. இந்த ஹார்மோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். தூக்கம் கெட்டால் குறையும், வயிறு பெருத்தால் குறையும். அதனால்தான் காலை 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்து, இரண்டிலும் குறைந்திருந்தால் மட்டுமே குறைபாடு என்கிறார்கள். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. நான் முதலில் பார்த்த மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, நன்றாகத் தூங்கி எழுந்து காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் வந்து கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். 391 வந்தது. “உங்களுக்கு ஊசி வேண்டியதில்லை. 10 கிலோ குறைங்க. குறட்டை விடறீங்கன்னா அதை முதல்ல பார்ப்போம்” என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எண் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். ஏனென்றால் அதற்கு முந்தைய சில மாதங்களில் படுக்கையில் இரண்டு மூன்று முறை என்னால் முடியாமல் போயிருந்தது. அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. “பரவாயில்லீங்க, தூங்குங்க” என்று தலையணையைச் சரிசெய்து கொடுத்தாள். அந்தப் ‘பரவாயில்லை’ எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. கடைக்கு வாங்கிய கடன், வராத பாக்கி, தூக்கமில்லாத ராத்திரி என்று காரணங்கள் கண்ணெதிரே இருந்தன. அவற்றை அவளிடம் பேசியிருக்கலாம். எனக்கோ ரத்தத்தில் ஒரு குறை இருந்தாக வேண்டும், அதை ஊசியால் நிரப்ப வேண்டும். அப்படியென்றால் அது நோய்; நான் தோற்றதாக ஆகாது.

391 வந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, 262ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். “ரெண்டு தடவை பார்த்தாச்சு சார், ரெண்டுமே கம்மிதான்” என்றேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: “இனிமே குழந்தை வேணுமா?” அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். ஜிம்மில் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஆமாம் என்றால் ஊசி கிடைக்காது. “ஒண்ணு இருக்கு சார், போதும்” என்றேன்.

தெரிந்தே சொன்னேன். வருஷங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு சந்து இல்லை.

250 மில்லிகிராம், எண்ணெயில் கரைத்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில். போட்ட மூன்றாம் நாள் உடம்பு துள்ளும், மூன்றாவது வாரம் சோர்ந்து விழும். அந்தச் சோர்வைப் பொறுக்க முடியாமல் நானாகவே இரண்டு வாரமாகச் சுருக்கினேன். மூன்று மாதத்தில் ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கி, தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்டேன்.

உள்ளே நடந்தது இதுதான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை விரைகளுக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து ஊசி ஏறியதும், வேண்டியது இருக்கிறதென்று அது அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் மருந்து நிறைந்திருக்கும். ஆனால் விந்தணு உருவாக விரைக்குள்ளேயே சுரந்து, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டிய ஹார்மோன் வற்றிப்போகும். ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே இந்த ஊசியைச் சோதித்திருக்கிறார்கள். 1990இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், 7 நாடுகளைச் சேர்ந்த 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் அதிகமானவர்களுக்கு விந்தணு ஒன்றுகூட இல்லாமல் போனது. நான் போட்டுக்கொண்டதும் அதே எனாந்தேட்தான்.

இந்த மருந்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ளவர்கள், பிட்யூட்டரியில் கட்டி வந்தவர்கள், புற்றுநோயால் இரண்டு விரைகளையும் எடுத்தவர்கள் என்று இது இல்லாமல் முடியாதவர்கள் இருக்கிறார்கள். எலும்பும் தசையும் இரத்தமும் அவர்களுக்கு இதை நம்பித்தான் நிற்கின்றன. அவர்களுக்கான மருந்தை நான் பொய் சொல்லி வாங்கினேன்.

மாதங்கள் போயின. கரு நிற்கவில்லை. மகப்பேறு மருத்துவர் முதல் நாளே, “முதல்ல உங்க டெஸ்ட்டை எடுத்துடலாம் சார், இதுல வலியே இல்லை” என்றார். “ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கே டாக்டர்” என்று நழுவினேன். பிறகு கடை, சரக்கு, பண்டிகை என்று நான்கு முறை தள்ளிப்போட்டேன். அதனால் எல்லாப் பரிசோதனையும் அவளுக்கே நடந்தது. மாதாமாதம் கருமுட்டை ஸ்கேன். தைராய்டு. கடைசியில் ட்யூப் டெஸ்ட்.

கர்ப்பப்பைக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நான் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் சாயங்காலம்தான் ஊசி போட்டிருந்தேன். சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நெற்றியில் வேர்வையில் பொட்டு இறங்கியிருந்தது. “அடிவயித்துக்குள்ள யாரோ துணி பிழியற மாதிரி இருந்துச்சுங்க” என்றாள். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை எனக்கு நீட்டினாள். “நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல.” வாங்கிக் குடித்தேன்.

அம்மா அவளைச் சஷ்டி விரதம் இருக்க வைத்தார். சென்னிமலைக்கு 1,320 படியும் ஏறினாள். இறங்கி வந்து கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதும் நான் வாய் திறக்கவில்லை.

அவளுடைய ரிப்போர்ட் எல்லாம் சரியாக வந்த பிறகு எனக்கு வழியில்லாமல் போயிற்று. என் ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கைக்கு நேரே ‘நில்’ என்று அச்சாகியிருந்தது. அதை 11 நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி, பாப்பா தூங்கிய பிறகு சமையலறையில் சொன்னேன். 262, 391, ஊசி, ‘போதும்’ என்று சொன்னது, எல்லாம். அவள் அடுப்புத் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நிற்கவில்லை. முடித்து, துணியை அலசிப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்ட பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ட்யூப் டெஸ்ட் எடுத்தப்பவும் போட்டிருந்தீங்களா?”

“முந்தின நாள்.”

அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. மூன்று மாதம் பாப்பாவோடு அடுத்த அறையில் படுத்தாள்.

ஊசியை நிறுத்திவிட்டேன். விரைகளைத் தூண்ட இப்போது எச்.சி.ஜி. என்ற வேறு ஊசி, வாரம் மூன்று. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் பிடிக்கும். முழுதாகத் திரும்ப ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். நான்காம் மாதமும் ‘நில்’. ஏழாம் மாதம் மில்லிலிட்டருக்கு 2 மில்லியன். குறைந்தது 16 இருக்க வேண்டும். அவளுக்கு 36 முடிந்துவிட்டது. அவளுக்கு மிச்சமிருந்த வருடங்களில்தான் நான் கை வைத்திருக்கிறேன்.

“அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்” என்றாள் ஒருநாள். சொல்கிறேன் என்றேன். அது ஐந்து மாதத்துக்கு முன்னால். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா போன் பண்ணுகிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் காய் நறுக்குகிறாள். “கண்ணு, இந்த மாசமும் தலைக்கு ஊத்திக்கிட்டியா?” என்று அம்மா கேட்கிறார். “ஆமாங்க அத்தை” என்கிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நேற்றும் வெள்ளிக்கிழமை. நேற்றும் நான் அங்கேதான் நின்றிருந்தேன்.