பிரமிட் நிழலில் ஒரு மையவாடி

கெய்ரோவிலிருந்து நைல் நதியைக் கடந்தால் கீஸா. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் குஃபு மன்னனுக்காக எழுப்பிய பெரிய பிரமிட்டின் முன் நானும் துணைவியாரும் நின்றோம். ஆதியில் ஏறத்தாழ 146 மீற்றர் உயரம். ஏறக்குறைய 23 இலட்சம் கற்கள். "இவ்வளவும் ஒரு மையித்தை அடக்கவா?" என்று கேட்டார் அவர். உள்ளே மன்னனின் கற்பேழை வெறுமையாகக் கிடக்கிறது, உடல் இல்லை.

ஆனால், தெற்கே வேறொரு மையவாடி உண்டு. 1990 இல் ஒரு குதிரையின் கால் மண்சுவரொன்றில் இடறியதால் அது வெளிப்பட்டது. பிரமிட்களைக் கட்டிய தொழிலாளர் அங்கே அடக்கப்பட்டுள்ளனர். ஆண், பெண் இருபாலாரின் முள்ளந்தண்டுகளும் பாரம் சுமந்து தேய்ந்திருந்தன. முறிந்த எலும்புகள் பல, வைத்தியத்தால் நேராகக் கூடியிருந்தன. சற்றுத் தள்ளி, அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுக்களைகளும் களிமண் அச்சுகளும் அகப்பட்டன. வெறும் அடிமைகளாயின் மன்னனின் கப்றருகே இடம் கிடைத்திராது என்பது ஆய்வாளர் கருத்து.

சகோதரிகளே! எகிப்து செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அந்தக் கல்மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். கல் சுமந்தவர்களையும் அவர்களுக்கு ரொட்டி சுட்டவர்களையும் சற்று நினைத்துப் பாருங்கள்.