எழுதுகோலின் மதிப்பு

தொழில்தோறும் ஒரு கருவி உண்டு. உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, நெசவாளனுக்குத் தறி, கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் எழுதுகோல். ஆயுத பூசை நாளில் இவற்றையெல்லாம் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவது நம் நாட்டு வழக்கம். அன்று ஏட்டின்மேல் வைக்கப்படும் எழுதுகோல் விலை மிகுந்ததா, விலை குறைந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் எழுதுகோல்களுக்குள்ளும் ஏழையும் செல்வரும் உண்டு. 5 ரூபாய்க்கு விற்கும் பேனாவும் உண்டு. 5 இலட்சத்துக்கும் மேல் விற்கும் பேனாவும் உண்டு. இரண்டும் எழுதுவன அதே உயிரும் மெய்யுமே. அங்ஙனமாயின் விலையில் இத்துணை வேறுபாடு ஏன்? அவ்விலைக்கேற்ற மதிப்பு அப்பேனாவுக்கு உண்டா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். எழுத்தாணி மை சிந்துவதன்று, ஓலையைக் கீறுவது. கீறிய தடத்தில் கரியும் இலைச்சாறும் கலந்து தடவிய பின்னரே எழுத்து விளங்கித் தோன்றும். ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாமலே மெய்யெழுத்துக்களை எழுதிச் சென்றனர். எழுத்தாணியிலும் வகைகள் பல. கொண்டை பருத்தது குண்டெழுத்தாணி. ஓலை வாரும் கத்தியோடு கூடியது வாரெழுத்தாணி. பிடிக்குள் மடங்கி அடங்குவது மடக்கெழுத்தாணி. எளியோர் கையில் வெறும் இரும்பாணி இருந்தது. செல்வர் கையிலோ யானைத் தந்தத்தால் பிடியிட்டு வெள்ளிப் பூண் கட்டிய எழுத்தாணி இருந்தது. ஆகவே, அரிய பொருளால் எழுதுகோல் செய்துகொள்ளும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். செல்லரித்த ஓலைகளை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆராய்ந்தபோது, அவற்றை எழுதியது தந்தப் பிடியா, இரும்பாணியா என்று யார் கேட்டார்? எழுதிய கை மறைந்தது. எழுத்தாணி துருப்பிடித்து மண்ணாயிற்று. எழுத்து மட்டும் நின்றது. எழுதுகோலைப்பற்றி எண்ணுவோர் முதலில் நெஞ்சிற் கொள்ளத்தக்கது இதுவே.

இனி, மைப்பேனாவைக் காண்போம். மேனாட்டார் நெடுங்காலம் பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினர். ஒவ்வொரு வரிக்கும் பலமுறை தோய்க்கவேண்டியிருந்தது. தன்னுள்ளே மையைத் தாங்கி, வேண்டிய அளவு மட்டும் விடும் பேனாவுக்குப் பலர் முயன்றனர். 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லூயிஸ் வாட்டர்மன் அத்தகைய பேனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நுட்பம் எளியதே, ஆயினும் வியக்கத்தக்கது. மை கீழே இறங்கவேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏறவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமல் செல்லும்படி முள்ளின் அடியிலுள்ள கட்டையில் நுண்ணிய பள்ளங்களை வெட்டினர். முள்ளின் நடுவிலுள்ள பிளவு மயிரிழை போன்ற புழை; அதன் வழியே மை தானாகவே முனைக்கு ஈர்க்கப்படுகிறது. எழுதாதபோது ஒழுகாமலும், எழுதும்போது தடைப்படாமலும் மை நடக்கிறது. அக்காலத்து மையில் இருந்த புளிப்புப் பொருள் இரும்பை அரித்தது, பொன்னை அரிக்கவில்லை. அதனால் முள்ளைப் பொன்னாற் செய்தனர். பொன் மென்மையானது, தாளில் உரசினால் தேயும். ஆகவே முனையில் மட்டும் மிகக் கடினமான வேறொரு உலோகத்தின் சிறு மணியை ஒட்டினர். ஈண்டுப் பொன் அணிகலன் அன்று, வேலைக்குரிய பொருள். பொருளின் அருமை அது செய்யும் பணியால் விளங்குவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பேனாவின் தண்டுக்கு முதலில் பெரிதும் பயன்பட்டது எபனைட். ரப்பர் மரத்துப் பாலிலிருந்து எடுத்த ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கெட்டிப்பட்டுக் கருங்கட்டையாகிறது. கருங்காலி மரத்துக்கு ஆங்கிலத்தில் எபனி என்று பெயர். அம்மரம்போல் கறுத்தும் உறுதியாயும் இருத்தலால் இதற்கு எபனைட் என்று பெயரிட்டனர். இதனை மை அரிப்பதில்லை. கைக்கு இதமான வெதுவெதுப்பு இதில் உண்டு. கடைசலுக்கும் நன்கு இடங்கொடுக்கும். நெடுநாள் வெயில் பட்டால் மட்டும் கருமை மங்கிப் பழுப்பேறும். ஆகவே எளிய கறுப்புப் பேனாவும் ஒரு மரத்தின் கொடையே என்பதை மறத்தலாகாது.

செல்வம் பெருகப் பெருக, எளிய பொருள் போதாதாயிற்று. சப்பான் நாட்டில் உருஷி என்னும் மரத்தின் பாலை எடுத்து, ஒருமுறை பூசி, ஈரக் காற்றுள்ள பெட்டியில் வைத்து இறுகச் செய்து, தேய்த்து, மீண்டும் பூசுவர். இவ்வாறு பல பூச்சுக்கள் ஏறிய பின்னர், ஈரம் புலராத கோட்டின்மேல் பொற்பொடி தூவி மலரும் பறவையும் வரைவர். மரப்பால் பச்சையாக உடலிற் பட்டால் தோல் தடித்துப் புண்ணாகும். அதனையும் பொறுத்து அக்கலைஞர் பணி செய்கின்றனர். நமிகி என்னும் நிறுவனம் இவ்வகைப் பேனாக்களைச் செய்தது. 1930-ஆம் ஆண்டில் அது இலண்டன் நகரத்து டன்ஹில் நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டு அவற்றை மேனாட்டில் பரப்பிற்று.

செருமனியில் 1761-ஆம் ஆண்டு முதல் பென்சில் செய்துவரும் பேபர்-காஸ்டல் நிறுவனம், 2003-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அரிய பொருளைத் தேர்ந்து, வரையறுத்த எண்ணிக்கையில் பேனா செய்யத் தொடங்கியது. முதலாண்டில் தென்னமெரிக்கக் காட்டில் வளரும், பாம்பின் தோல்போலப் புள்ளியும் வரியும் உடைய மரம். அடுத்த ஆண்டில் ஆம்பர். அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து வடிந்து, மண்ணிற் புதைந்து, கல்போல் இறுகிய பிசின். 2007-இல் கல்லாய்ச் சமைந்த மரம். 2009-இல் குதிரை மயிரைக் கொண்டு நெய்த துணி. கல்மரம் என்றதும் நமக்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை நினைவுக்கு வரும். சுமார் 2 கோடி ஆண்டு பழைமையுடைய கல்மரங்கள் அங்கே காவலுக்குள் கிடக்கின்றன.

இத்தகைய பேனா ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறார். வெளிநாட்டு வணிகர் ஒருவர் அவருக்குப் பரிசளித்த பேனாவை, கொமரலிங்கத்தில் உள்ள என் இல்லத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். பேனாவைக் காட்டிலும் அதன் பேழை பெரிதாக இருந்தது. மரத்தின் வரிகள் ஓடைநீரின் சுழிபோல் அழகாக ஓடின. மூடியில் வரிசை எண் பொறித்திருந்தது.

“மை ஊற்றி எழுதிப் பார்த்தாயா, தம்பி?” என்றேன்.

“இல்லை ஐயா, எழுதினால் பழையதாகிவிடுமே! இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்” என்றார்.

“கையெழுத்து எதனால் இடுகிறாய்?”

அவர் நகைத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து விலை குறைந்த பந்துமுனைப் பேனா ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“அப்படியானால் உன் பேனா இதுதான். அது பேனாவாகப் பிறந்தும் இன்னும் பேனாவாகவில்லை” என்றேன்.

சில வாரங்களுக்குப் பின் அஞ்சலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பல ஆண்டுகளில் அவர் தம் கையால் எழுதிய முதற் கடிதம் அது. நீல மையில் நான்கு பக்கம். தம் தந்தையார் தறியில் பட்ட பாட்டையும், தாம் படிப்பை விட்டு வேலைக்குச் சென்ற நாளையும் எழுதியிருந்தார். நேரில் ஒருபோதும் சொல்லாத செய்திகள் அவை. பேழையில் உறங்கிய மரம் அன்று பேசத் தொடங்கிற்று. அப்பேனாவின் விலை எவ்வளவென்று நான் கேட்கவில்லை. அதன் மதிப்பை அக்கடிதத்தில் கண்டேன்.

ஆயினும் எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுமா? அப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் உண்டு. எங்கள் ஊர் அமராவதிக் கரையில் உள்ளது. அவ்வாற்றுக்கு நீர் தரும் பாம்பாற்றின் கரையோடு மேலே சென்றால் மேற்குமலையில் மறையூர்ச் சந்தனக் காடு தோன்றும். சந்தனத்தின் மணம் அதன் வயிரத்தில் உள்ளது. வயிரம் முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆனைமலைப் பகுதியில் தோதகத்தி என்னும் ஈட்டி மரமும் அவ்வாறே மெல்ல வளர்வது. ஒரு பேனாவுக்கு வேண்டும் மரம் ஒரு சாண் அளவே. ஆயினும், அந்த ஒரு சாண் முறைப்படி விற்ற மரத்தின் துண்டாயின் அழகு. இரவில் திருட்டுக் கோடரி வீழ்த்திய மரத்தின் துண்டாயின் பழி. காடு கெட்டால் ஆறு கெடும். ஆறு கெட்டால் எங்கள் வயலும் தென்னந்தோப்பும் கெடும். தந்தமோ ஓர் உயிரின் விலை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் நம் நாட்டில் தந்த வாணிகத்தைத் தடுத்துவிட்டன. யானை சாய்ந்து கிடக்க, அதன் தந்தத்தால் அறம் எழுதினாலும் அது அறமாகாது.

எளிமைக்கே எடுத்துக்காட்டாய் வாழ்ந்த காந்தியடிகளின் பெயராலும் விலையுயர்ந்த பேனா ஒன்று வந்தது. 2009-ஆம் ஆண்டில் மான்பிளாங்க் நிறுவனம் அதனை வெளியிட்டது. 1930-ஆம் ஆண்டுத் தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்க 241 பேனாக்களே செய்யப்பட்டன. நூற்கும் கதிரை நினைவூட்ட அவற்றின்மேல் பொன்னிழை சுற்றப்பட்டது. ஒன்றின் விலை 11 இலட்சம் ரூபாய்க்கும் மேல். இதனை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இந்தியாவில் அதன் விற்பனை நின்றது. பேனாவின் வேலைப்பாட்டில் குறையில்லை. கைராட்டையில் பருத்தி நூல் நூற்றவரின் நினைவுக்குப் பொன்னிழை பொருந்தவில்லை என்பதே குறை.

அவ்வடிகள் மதித்த பேனா வேறு. ஆந்திர நாட்டு இராஜமுந்திரியில் கே. வி. ரத்தினம் என்பார் சுதேசிப் பேனா செய்ய முனைந்தார். அவர் செய்த பேனா, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் வழியாகக் காந்தியடிகளை அடைந்தது. அடிகள் அதனால் எழுதிப் பார்த்தார். கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு இது தக்க மாற்றாகும் என்ற கருத்துப்பட 1935-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நன்றி கூறி எழுதினார். அதில் பொன்னிழை இல்லை, மணிக்கல் இல்லை. ஒரு தொழிலாளியின் பொறுமையும் ஒரு நாட்டின் மானமும் இருந்தன.

அத்தகைய கைத்தொழில் இன்றும் நம் நாட்டில் அழிந்துவிடவில்லை. திருவள்ளூரில் எம். எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாத் தொழிலை அவர் குடும்பத்தார் நடத்தி வருகின்றனர். எபனைட் தண்டைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழலவிட்டு, உளியைக் கையாற் பிடித்துக் கடைகின்றனர். கருஞ்சுருள் சுருளாகத் தூள் உதிர, உள்ளிருந்து ஒரு பேனா வடிவெடுக்கிறது. மரை வெட்டுவதும், மூடி அமைப்பதும், மெருகேற்றுவதும் கையின் பழக்கமே. கடல் கடந்த நாட்டாரும் இவற்றை விரும்பி வரவழைத்து எழுதுகின்றனர். இப்பேனா பழுதானால் திருத்தலாம். முள் தேய்ந்தால் மாற்றலாம். எழுதித் தீர்ந்தவுடன் எறிந்துவிடும் பேனாவோ குப்பையைத்தான் பெருக்குகிறது. அரிய பொருள் என்பது மண்ணிற் புதைந்த ஆம்பர் மட்டுமன்று. ஆண்டுகள் பல பழகிய தொழிலாளியின் கையும் அரிய பொருளே. அக்கைக்கு வேலை கொடுப்பார் இல்லையாயின், அது மீண்டும் கிடைத்தற்கரிது.

மாணவர்களே, அழகிய பொருளை விரும்புதல் குற்றமன்று. வாழ்நாளில் ஒரு நல்ல பேனாவை வாங்கவேண்டும் என்ற ஆசை உங்களுக்குத் தோன்றினால் மகிழ்வேன். வாங்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதன் பொருள் எவ்வுயிரையும் எக்காட்டையும் வருத்தாமல் வந்ததா? இதனைச் செய்த கைக்கு உரிய கூலி கிடைத்ததா? இதனால் நான் நாள்தோறும் எழுதுவேனா? மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால், அப்பேனா 100 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அரும்பொருளே. கடைசி வினாவுக்கு மட்டும் கடைக்காரரால் விடை கூற இயலாது. பேனாவை நன்றாகக் கழுவுங்கள். மை உலராமல் மூடிவையுங்கள். நாளும் ஒரு பக்கமேனும் திருத்தமாக எழுதுங்கள். உங்கள் எழுத்தில் பொய் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுகோலுக்கு மதிப்பைத் தருவது எழுதுவோர் கையே.