ஒரு காமிரா வாங்கிய கதை

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்குப் புகைப்படம் என்பது அலங்காரப் பொருள் அன்று. ஊரில் விட்டுவந்த முகங்களை நம் குழந்தைகளுக்குக் காட்ட அதனினும் சிறந்த வழி வேறில்லை. இவ்வுண்மையை நாம் காலங்கடந்தே உணர்ந்தோம்.

2021-ஆம் ஆண்டில் நம் தந்தையார் காலமானபோது, மாலையிட ஒரு நல்ல படம் அகப்படவில்லை. கைப்பேசியில் எடுத்தவை யாவும், அக்கருவி முன்பே பழுதுற்றபோது அதனுடன் போயின. வாக்காளர் அட்டையில் இருந்த சிறு படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தில்லிக்குக் கொணர்ந்தோம். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கரிய திட்டுகளே இருந்தன. ஒருநாள் நம் மகள் அதனை நெடுநேரம் நோக்கிவிட்டு, “தாத்தாவுக்குக் கண் தெரியாதாப்பா?” என்று வினவினாள். அன்றே ஒரு நல்ல காமிரா வாங்குவது என்று முடிவு செய்தோம்.

முடிவு எளிது, பணம் அரிது. 2024-இல் 78 நாள் போனஸாக ரூ. 17,951 வந்தது. ரயில்வே அன்பர்களுக்கு இத்தொகை மனப்பாடம். துணைவியார் தம் சேமிப்பிலிருந்து 8,000 கொடுத்தார். தீபாவளிக்கு ஊரிலிருந்து அன்னையார் வருவதாக இருந்தது. வயது எழுபத்தொன்று. அதற்குள் காமிரா கைக்கு வரவேண்டும் என்பது நம் அவா.

அலுவலகத்து மூத்த நண்பர் ஒருவர் இத்துறையில் பழக்கமுள்ளவர். அவர் கூறியது இதுதான்: “பணம் முழுவதையும் காமிராவின் உடலில் போடாதீர். படத்தை ஆக்குவது லென்ஸும் வெளிச்சமும். பலர் கண்ணாடியில்லாப் புதுவகைக் காமிராக்களுக்கு மாறுகிறார்கள். அவர்கள் கைவிடும் பழைய வகைகளில் நல்லவை மலிவாகக் கிடைக்கும்.” லென்ஸின் மீதுள்ள எண்ணையும் விளக்கினார். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. காமிராவுடன் வரும் சாதாரண 18–55 லென்ஸை 55 அளவுக்கு நீட்டினால் அதன் எண் 5.6, தனி 50 மில்லிமீட்டர் லென்ஸிலோ 1.8. பின்னது ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒற்றைச் சன்னல் உள்ள குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு இது சிறு செய்தியன்று.

சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்றொரு சந்து உண்டு. சந்து முழுவதும் காமிராக் கடைகளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக இரண்டு விடுமுறை நாட்கள் அங்கே அலைந்தோம். முதற்கடையில் காட்டிய லென்ஸினுள் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, சிலந்தி நூல் போன்ற பூஞ்சணம் படர்ந்திருந்தது. கடைக்காரரோ, “சலேகா, பாபுஜி” என்றார். வணங்கி விடைபெற்றோம். நான்காம் கடையில் நிக்கான் டி5300 ஒன்று இருந்தது. 2013-இல் வெளிவந்த வகை, 24 மெகாபிக்ஸல். வெள்ளைச் சுவரை 16 என்னும் எண்ணில் வைத்து ஒரு படம் எடுத்தோம். தூசுப் புள்ளி ஏதும் விழவில்லை. படத்துடன் பதியும் குறிப்பைக் கொண்டு, அதன் ஷட்டர் சுமார் 14,000 தடவையே இயங்கியது என்று அறிந்தோம். ஒரு லட்சம் தடவைக்கென்று அமைக்கப்பட்டது அது. 18–55 லென்ஸும் சேர்த்து 19,500-க்கு முடிந்தது.

அவ்வளவில் நின்றிருக்கலாம். அடுத்த கடையில் 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ் 5,000-க்குக் கிடைத்ததும் அகமகிழ்ந்து வாங்கிவந்தோம். வீட்டில் பொருத்தினால் தெளிவு தானாக அமையவில்லை! அது ‘டி’ வகை. அதனை இயக்கும் மோட்டார் காமிராவின் உடலில் இருக்கவேண்டும். டி5300-இல் அது கிடையாது. லென்ஸிலேயே மோட்டார் உள்ள ‘ஜி’ வகையை வாங்கியிருக்கவேண்டும். திருப்பிக் கொடுத்தால் பாதி விலைதான் தருவோம் என்றனர். கேளாமல் வாங்கிய பிழை நம்முடையதே. இரண்டு நாள் நமக்குச் சோறு இறங்கவில்லை.

அன்னையார் வந்தார். தீபாவளிக்கு மறுநாட்காலை சன்னலோரம் நாற்காலியிட்டு அமரச் செய்தோம். வளையத்தைக் கையாலேயே திருப்பினோம். பார்வைத்துளையின் அடியில் பச்சைப் புள்ளி அசையாமல் நின்றால் தெளிவு கூடிற்று என்று பொருள். 1.8-இல் கண் தெளிந்தால் காது மங்கிற்று, ஆகவே 2.8-இல் வைத்தோம். இதற்கெல்லாம் நேரம் பிடித்தது.

“ஏம்பா, இன்னுமா முடியல? கல்லுப் பிள்ளையாராட்டம் எம்மா நேரம் குந்தியிருக்கிறது?”

“கொஞ்சம் பொறும்மா.”

சும்மா இருக்கப் பிடிக்காமல் அவர் பேசத் தொடங்கினார். “கண்ணாலமான புதுசுல உங்கப்பாவும் நானும் திண்டிவனத்துல ஸ்டுடியோவுல ஒரு படம் புடிச்சோம். வாங்கப் போறதுக்குள்ள மழை வந்து நடவு வந்துட்டுது. அப்புறம் காசில்ல. அது அங்கேயே போயிட்டுது.” இவ்வளவும் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி இலேசாகச் சிரித்தார். பச்சைப் புள்ளி நின்றது, அழுத்தினோம்.

அப்படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் இரு பிரதிகள் அச்சிட்டோம். ஒன்று ஊருக்குச் சென்றது. மற்றொன்று தந்தையாரின் படத்தருகே தொங்குகிறது. அன்னையாரின் கண்களில் சன்னலின் சதுரம்கூடத் தெரிகிறது. நம் மகள் அதனை ஒன்றும் வினவவில்லை; “ஆயா சிரிக்குது” என்றாள்.

நம்மைப் போன்ற சிறு வருவாயுள்ள அன்பர்களுக்குச் சொல்லக்கூடியது சிறிதே. பழையது வாங்க நாணவேண்டாம், சோதித்து வாங்குங்கள். உடலுக்கும் லென்ஸுக்கும் பொருத்தம் உண்டா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு வையுங்கள். எல்லாவற்றினும் முக்கியமாக, சிறந்த காமிராவுக்காகக் காத்திராதீர்கள். நாம் காத்திருந்த ஆண்டுகளில் தந்தையார் போய்விட்டார். எந்த லென்ஸும் இனி அவரைக் காட்டாது.