விலைக்கு வாங்கிய ரசிகர்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் சர்வதேசத் தகவல் பிரிவு 2011 முதல் 2013 மார்ச் வரை, முகநூல் ரசிகர்களைப் பெருக்கும் விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 6,30,000 டாலர் செலவிட்டது. அதன் ஆங்கிலப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சமாக இருந்த கூட்டம் இருபது லட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்கள் வாய் திறந்தார்களா? முந்தைய ஒரு வாரத்தில் விருப்பம், பகிர்வு, கருத்து என ஏதேனும் செய்தவர்கள் சுமார் 2 சதவீதமே என்றது அத்துறையின் தலைமை ஆய்வாளரின் 2013 மே மாத அறிக்கை.

இதற்கிடையே 2012 செப்டம்பரில் முகநூல் விதியை மாற்றியிருந்தது. பதிவுகளுக்கு எதிர்வினை காட்டாத ரசிகரின் திரையில் பதிவுகள் தென்படாமல் போயின; தென்பட வேண்டுமானால் மறுபடி காசு. வரிப்பணத்தில் சேர்த்த கூட்டத்தை எட்டவே திரும்பவும் வரிப்பணமா? மக்களின் காசை இப்படிக் கரைப்பது பெருங்கொடுமை.

முன்னுரிமை நாடுகளில், குறிப்பிட்ட நோக்கங்களுக்கு விளம்பரத்தைத் திருப்பும்படி அறிக்கை பரிந்துரைத்தது.